அக்கா திறக்காத கோப்பு

என் மனைவியின் அக்காவைப் பற்றி முன்பெல்லாம் யாராவது கேட்டால், "கல்லுளிமங்கி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். அந்த வார்த்தையை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை. சொல்லும்போது குரல்தான் மாறியிருக்கிறது.

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறையில், ஏசி இரைச்சலுக்கு நடுவே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களில் அட்மின் கணக்கு என்று சில உண்டு. மற்றவர்களின் பாஸ்வேர்ட் அவரவர் அறையை மட்டும் திறக்கும். அட்மின் பாஸ்வேர்ட் கட்டடத்தையே திறந்துவிடும். எந்த நோயாளியின் கோப்பையும் பார்க்கலாம், மாற்றலாம், இருந்த சுவடே இல்லாமல் அழித்தும்விடலாம். அந்தக் கணக்குகளை யாருக்கு, எதற்கு, எத்தனை நேரத்துக்குக் கொடுப்பது என்று பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை. ஆஸ்பத்திரியில் அவருக்குப் பட்டப்பெயர் 'சாவிக்காரி'. முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது.

நான் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் சாவி என் பையில் கிடக்கும். ஒரு சாவியைப் பாதுகாப்பதற்கு ஓர் ஆள், ஓர் அறை, ஒரு சம்பளமா என்று எனக்கு அந்த வேலை மேல் இளக்காரம்தான். போதாக்குறைக்கு எனக்கு முன்கோபம் வேறு. அக்காவுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

அவர் அந்த அறைக்கு நேராகப் போய் உட்கார்ந்துவிடவில்லை. இருபது வயதில் பதிவு கவுன்ட்டரில் சீட்டு எழுதச் சேர்ந்தவர். கவுன்ட்டருக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். இவர் வேலை முடிந்தும் இருந்து கற்றுக்கொண்டார். அப்படியே படிப்படியாக அடித்தளத்துக்கு இறங்கினார். வாழ்க்கையில் கீழே இறங்கி முன்னேறிய ஒரே ஆள் நீங்கதான் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. சிரிக்கவே மாட்டார்.

அங்கே போன புதிதில் அவர் செய்த முதல் காரியம் எண்ணிப் பார்த்தது. கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர்கள் ஒன்பது பேர். அட்மின் கணக்குகள் நூற்று நாற்பத்திரண்டு. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக, "இது யாரோடது? எதுக்கு?" என்று மேஜை மேஜையாகக் கேட்டுக்கொண்டே போனார். வேலையை விட்டுப்போனவர்களின் கணக்குகள் இருந்தன. செத்துப்போன ஒருவரின் கணக்கும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலான ஒரே ஒரு பொதுக் கணக்கின் பாஸ்வேர்ட், ஆறு பேருக்கு மனப்பாடம், இரண்டு பேருக்குக் கீபோர்டின் அடியில் ஒட்டிய சீட்டு.

ஏழு வருடம் முன்னால் வேலையை விட்டுப்போன ஒருவர் மட்டும் தினமும் காலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டருக்குள் வந்து போய்க்கொண்டிருந்தார். அக்கா அந்தக் கணக்கைச் சட்டென்று மூடிவிட்டார். மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்த மனிதர் போகும்போது ஆஸ்பத்திரிக் கோப்புகளுக்கு நகல் எடுக்கும் பேக்கப் முழுவதையும் தன் பேரில் ஓடும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்று நாள் பேக்கப் எடுக்கப்படவே இல்லை. வேறு ஒரு ஈ காக்காய்க்கும் அது தெரியாது. அக்காவே கண்டுபிடித்து, அக்காவே சரிசெய்து, "விசாரிக்காமல் மூடியது என் தவறு" என்று அக்காவே மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தார். வாங்கிப் படித்த மேலதிகாரிக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியவில்லையாம்.

அதற்கப்புறம் அவர் கொண்டுவந்த முறை இதுதான். யாருக்கும் அட்மின் பாஸ்வேர்ட் நிரந்தரமாகக் கிடையாது. வேண்டுமென்றால் கேட்க வேண்டும், காரணம் எழுத வேண்டும், எத்தனை மணி வரை என்று சொல்ல வேண்டும். இன்னொருவர் சரி என்று சொன்னால்தான் கதவு திறக்கும். நேரம் முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும், உள்ளே செய்ததெல்லாம் பதிவாகியிருக்கும். அக்காவுக்கும் இதே சட்டம்தான். அவர் கேட்டால் அவருடைய மேலதிகாரி சரி சொல்ல வேண்டும்.

அந்தப் பொதுக் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிப் புழங்கிப் பழகிய ஆஸ்பத்திரியே கொதித்தது. அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவர் படியிறங்கி அடித்தளத்துக்கே வந்துவிட்டார். அவர் அதுவரை அந்தக் கீழ்த்தளத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று கத்தினார்.

"நல்லா தெரியும் சார். கம்ப்யூட்டருக்குத்தான் தெரியல. இத்தனை நாளா எல்லாரும் 'அட்மின்'ங்கற ஒரே பேர்லதானே உள்ள போனீங்க. இனிமே உங்க பேர்லயே போங்க."

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் என் சிநேகிதன். நானும் அவனும் தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் லேப் மெஷின் விற்கிற கம்பெனியில் ரிப்பேர் வேலை பார்க்கிறான். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவன் 'மெஷின்காரன்'. அந்தப் பெரிய டாக்டர் வாயடைத்துப் போய்ப் படியேறியதை அவன் நடித்துக் காட்டும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

இவ்வளவு கெட்டிக்காரர் வீட்டில் எப்படி என்று சகலையிடம் ஒருநாள் கேட்டேன். "வீட்டுச் சாவிய வாரத்துக்கு ரெண்டு தடவ தொலைப்பா. பக்கத்து வீட்ல ஒண்ணு குடுத்து வச்சிருக்கேன்" என்றார் சகலை.

போன வருடம் என் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு இருக்கும். வலி இல்லை. வலி இல்லாததுதான் பயம் என்று யாரோ சொல்லிவைக்க, அக்கா வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரிக்கே போனோம். திங்கட்கிழமை ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாருங்கள், ரிப்போர்ட் பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர். நடுவில் மூன்று முழு நாட்கள். அந்த மூன்று நாளை எப்படித் தள்ளுவது என்பதுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை.

அன்று சாயங்காலம் அக்கா வந்திருந்தார். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். அவர் பெரிய மகளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி, எல்லாம் உன் கையிலதானே இருக்கு? நாளைக்கோ நாளன்னைக்கோ ரிப்போர்ட் வந்துடுமாமே. ஒரு எட்டு பாத்துச் சொன்னா என்ன குறைஞ்சுடப் போற?"

"பாக்கக் கூடாதும்மா."

"முடியாதா, கூடாதா?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"முடியும் தம்பி. கூடாது. நான் வேணும்னு கேட்டா என் மேலதிகாரி ஏன்னுகூடக் கேக்காம சரின்னு அழுத்திடுவாரு. அவ்வளவு நம்பிக்கை. அதனாலதான் கேக்க மாட்டேன். அதுவும் இல்லாம, எங்க கணக்குல திறந்தா என்ன தெரியும்னா..."

நான் பேச விடவில்லை. கூடப் பிறந்தவள் கழுத்தைவிட உங்களுக்குச் சட்டம் பெரிதா, ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு வந்திருந்தால் இப்படித்தான் இருப்பீர்களா, நாளைக்கு உங்களுக்கு ஒன்று என்றால் நாங்களும் கூடாது என்று உட்கார்ந்திருக்கலாமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "நான் வெள்ளிக்கிழமை கூட வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். என் மனைவி இவ்வளவு நேரமும் கழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய் எப்படியோ போயிற்று. புதன்கிழமை மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை. மெஷின்காரனுக்குப் போன் செய்தேன்.

ஆஸ்பத்திரி லேப்பில் புது மெஷின் ஒன்று வந்திருந்தது. சதைத் துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் படம் எடுத்து, படத்தை அப்படியே நோயாளியின் ரிப்போர்ட்டோடு சேர்த்துவிடும். அதைப் பொருத்தியவன் இவன்தான். பொருத்தும்போது கண்ட நேரத்திலும் உள்ளே போய்ச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் இவனுக்கு ஓர் அட்மின் கணக்குக் கொடுத்திருந்தார்கள்.

"வேலைதான் முடிஞ்சுபோச்சேடா, இன்னுமா அது இருக்கும்?" என்றேன்.

"இரு, பாக்கறேன்." கொஞ்ச நேரம் தட்டும் சத்தம். "டேய், திறந்துதான்டா கிடக்கு. சாவிக்காரி மூட மறந்துட்டா போல."

மனைவியின் அட்டையில் இருந்த நோயாளி எண்ணைச் சொன்னேன். பத்து நிமிடத்தில் அவனே கூப்பிட்டான்.

"எங்க இருக்கே? மொதல்ல உக்காரு."

நான் நின்றபடியேதான் கேட்டேன். சந்தேகத்துக்குரிய செல்கள், புற்றுநோயாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதியிருக்கிறதாம். அவன் இரண்டு தடவை வாசித்தான். இரண்டாவது தடவை அவன் குரலும் உடைந்துவிட்டது.

காதும் காதும் வைத்தாற்போல் எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார், "என்ன மாப்ளே, மூஞ்சி செத்துப்போயிருக்கு?" என்றார். சொல்லிவிட்டேன். அதன்பின் அவர் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. நான் மனைவியின் கண்ணைப் பார்க்கவில்லை. தெரிந்துகொண்டால் தைரியம் வரும் என்று நினைத்துத்தான் தெரிந்துகொண்டேன். இருந்த தைரியமும் போய்விட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பு ஒன்றுதான் ஆறுதல்.

வியாழக்கிழமை காலை ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தேன். பதினொன்றரை இருக்கும், படிக்கட்டில் யாரோ இரைக்க இரைக்க ஏறி வரும் சத்தம். அக்கா. ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. பேச முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன் பண்ணியிருக்கலாமே, லிஃப்ட விட்டிருப்பேன்" என்றேன்.

"போன்ல கேக்கற விஷயம் இல்ல தம்பி."

தினமும் காலையில் அவர் செய்யும் முதல் வேலை, முந்தின நாள் எந்த அட்மின் கணக்கு எதைத் திறந்தது என்ற பட்டியலைப் பார்ப்பது. அன்றைய பட்டியலில் மெஷின்காரனின் கணக்கு ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைத் திறந்திருந்தது. மெஷின் ரிப்பேர் செய்பவனுக்கு நோயாளியின் ரிப்போர்ட்டில் என்ன வேலை? பட்டியலில் எண்தான் இருக்கும், பேர் இருக்காது. அந்த எண் யாருடையது என்று பதிவுப் பிரிவில் கேட்டிருக்கிறார்.

"என் தங்கச்சி பேரச் சொன்னாங்க" என்றார் அக்கா.

கையும் களவுமாகப் பிடிபட்டவன் என்ன செய்வான்? நான் பாய்ந்தேன். "ஆமா, பாக்கச் சொன்னேன். நீங்க பாக்கல, நான் பாத்தேன். என்ன போட்டிருக்குன்னு தெரியுமா? புற்றுநோயாம். போதுமா? சட்டம் சட்டம்னு உக்காந்திருந்தீங்களே, இப்ப சொல்லுங்க!"

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. அவர் தெரிந்துகொள்ள மறுத்ததை நான் அவர் காதில் போட்டுவிட்டேன் என்று எனக்கு அந்த நிமிஷமே உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோபத்தை விடவில்லை, அதை விட்டால் அழுகைதான் மிச்சம்.

ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "அவன் பாத்த ரிப்போர்ட்ல மேல மஞ்சள் பட்டை இருந்துச்சா?"

மெஷின்காரனைக் கூப்பிட்டேன். அன்று காலையே அவனையும் அக்கா விசாரித்துக் குடைந்திருந்ததால் அவன் குரலே எழும்பவில்லை. இருந்தது, மஞ்சளாக ஒரு பட்டை இருந்தது, அதெல்லாம் எதுக்குடா என்றான்.

"மஞ்சள்னா இன்னும் முடியாதது" என்றார் அக்கா. "மொதல்ல ஒருத்தர் பாத்து எழுதுவாங்க. அப்புறம் பெரிய டாக்டர் திரும்பப் பாப்பாரு. துணுக்குல சாயம் மாத்திப் போட்டுப் பாப்பாரு. அடிப்பாரு, திருத்துவாரு. எல்லாம் முடிஞ்சு அவர் கையெழுத்துப் போட்டப்புறம்தான் மத்த டாக்டருங்களுக்கே தெரியும். அட்மின் கணக்குக்கு மட்டும்தான் நடுவுல இருக்கறதும் தெரியும். திங்கக்கிழமை அதத்தான் சொல்ல வந்தேன்."

"அப்ப அது பொய்யா?"

"பொய்னு சொல்லலயே. முடியலன்னு சொல்றேன்."

"இப்பவாவது போய்ப் பாருங்கக்கா" என்று கெஞ்சினேன். முதல் தடவையாக அவரிடம் கெஞ்சினேன். "இதுக்குள்ள கையெழுத்து ஆகியிருந்தாலும் ஆகியிருக்கும். ஒரே ஒரு தடவ."

அவர் மாட்டேன் என்றார். நான் எத்தனை விதமாகக் கேட்டாலும் அதே பதில்தான். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவன் கணக்க மூடிட்டுத்தான் வந்தேன். அதுக்கு முடிவுத் தேதி போடாம குடுத்தது நான். மெஷின் வர்றது தள்ளித் தள்ளிப் போச்சு, முடிஞ்சதும் நானே மூடிடலாம்னு அந்த ஒரு கட்டத்த காலியா விட்டேன். முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு, மறந்துட்டேன். எல்லாத்தையும் எழுதிக் குடுக்கணும். உங்க பேரும் வரும்."

"நான் உங்க தங்கச்சி புருஷன்!"

"அதையும் எழுதணும்."

லிஃப்டை ஓட விடுகிறேன், அதில் இறங்குங்கள் என்றேன். வேலை முடியாமல் ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஒன்பது மாடியும் படியிலேயே இறங்கிப் போனார்.

அன்று ஆஸ்பத்திரியில் நடந்தது எனக்குப் பிற்பாடு தெரியவந்தது. நிர்வாகி கடிதத்தைப் படித்துவிட்டு, "கணக்கு திறந்து கிடந்துச்சுன்னு எழுதினா போதுமே. யாரு திறந்து வச்சாங்கங்கறதெல்லாம் எதுக்கு?" என்று பூசி மெழுகப் பார்த்திருக்கிறார். இருபது வருடம் பேர் கெடாமல் வேலை பார்த்தவர் என்ற அக்கறைதான். "கதவு தானா திறந்து கிடக்காது சார்" என்று அக்கா அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவருக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. மெஷின்காரனை அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே அனுப்ப வேண்டாம் என்று கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. அவன் என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. அது நியாயம்தான்.

ஆனால் என்னால் மறக்க முடியாதது அந்த வியாழக்கிழமை சாயங்காலம். அக்கா வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தெரிந்தது அத்தனையும் அவருக்கும் தெரியும். நான் மூலையில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாக உட்கார்ந்திருக்கிறேன். மாமியார் சமையலறையில் மூக்கைச் சிந்துகிறார். அக்கா தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தார். அலமாரிக்குப் போட்டிருந்த திரைச்சீலை நிறம் சகிக்கவில்லை என்றார். தங்கை, உன் வீட்டு நாற்காலி உறையைவிட இது எவ்வளவோ தேவலை என்றாள். இருவரும் அதை வைத்துக் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள், சிரித்தார்கள். எப்படி முடிகிறது இந்தப் பொம்பளைக்கு என்று நான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது கல்தான், சந்தேகமே இல்லை என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மூவரும் போனோம். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு நேராக என் மனைவியிடம்தான் பேசினார்.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா. சாதாரணக் கட்டி. மொதல்ல பாத்தவருக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. பெரிய டாக்டர் வேற சாயம் போட்டு ரெண்டு தடவ பாத்துட்டு, அது இல்லைன்னு இன்னிக்குக் காலைலதான் கையெழுத்துப் போட்டாரு. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ வந்து காட்டுங்க, போதும்."

வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து மாமியாருக்குப் போன் செய்தேன். அவர் அழுத அழுகையில் நான் சொன்னது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, மூன்று தடவை சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தங்கையிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்னடி?" என்றாள் என் மனைவி. சந்தோஷமாக இருந்தால் அவள் அக்காவை டி போட்டுத்தான் பேசுவாள்.

"உன் ரிப்போர்ட்ட பாக்கக்கூடாத ஆள் பாத்துட்டாங்க. அத உனக்குச் சொல்லணும்ங்கறது சட்டம். நேத்தே சொல்லியிருக்கணும், ரிசல்ட் வர்ற வரைக்கும் வேணாம்னு டாக்டர் சொன்னாரு. கீழ கட்டத்துல நீ என்ன வேணா எழுதலாம். என் மேல புகார்கூட எழுதலாம்."

அவள் தாளை முழுக்கப் படித்தாள். அக்காவின் பேர், மெஷின்காரன் பேர், மூன்றாவது வரியில் என் பேர், உறவு: நோயாளியின் கணவர். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் என்னிடம் பேசவில்லை. அக்காவைப் பார்த்துக் கேட்டாள். "அப்போ நீ பாக்கலயா?"

"நான் எங்க பாத்தேன்?"

"சும்மா சொல்லாத. நீ பாத்துட்டேன்னுதான் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்." அவள் குரல் ஏறியது. "புதன்கிழமையிலேந்து அம்மா ஒளிஞ்சு ஒளிஞ்சு அழுவுது. இவரு என் மூஞ்சியவே பாக்கல. எனக்குப் புரியாதா? முடிஞ்சுது கதைன்னு நெனச்சேன். அப்புறம் நேத்து நீ வந்தே. இவங்களுக்கு என்ன தெரியும், அக்காதான் எல்லாத்தையும் திறக்கறவ, கூடாதுன்னு வாயால சொல்லுவா, போய்ப் பாக்காம இருப்பாளா, பாத்திருப்பா, பாத்துட்டுத்தான் திரைச்சீலை நல்லாயில்லன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கா, அப்போ ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன். உன் மூஞ்சிய நம்பித்தான்டி நான் ராத்திரி தூங்கினேன்."

அக்கா தலையை ஆட்டினார். இல்லை என்பதுபோல் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் தெரியாதுடி" என்றார். "இவரு சொன்னதுதான் தெரியும். அது முடியாத ரிப்போர்ட், அத நம்பக்கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டே வந்தேன். உன்கூட சண்ட போட்டுட்டு பஸ் ஸ்டாப்ல போய் நின்னு அழுதேன்."

சொல்லிவிட்டு அங்கேயும் அழுதார். ஆள் நடமாட்டம் உள்ள நடைபாதை, போகிறவர் வருகிறவரில் பாதிப் பேர் அவரிடம் பாஸ்வேர்ட் கேட்டு நிற்பவர்கள், சாவிக்காரி அழுவதை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் இத்தனை வருடத்தில் அவர் அழுது பார்த்ததில்லை. என் மனைவி அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். கட்டி யாருக்கு என்று வழியில் போகிறவர்கள் குழம்பியிருப்பார்கள்.

கொஞ்சம் அடங்கியதும் அவள் அக்காவின் பையில் துழாவிப் பேனாவை எடுத்தாள். தாளை மடியில் வைத்து, கீழே இருந்த கட்டத்தில் எழுதினாள். அடித்துத் திருத்தாமல் ஒரே மூச்சில் எழுதினாள். அக்காவிடம் கொடுப்பதற்கு முன்னால் என் பக்கம் நீட்டினாள். நான் படித்தேன்.

"என் அக்கா திருட்டுத்தனமாகப் பார்த்திருப்பார் என்று நானும் நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. என் கணவர் பார்க்கச் சொன்னார். என் உடம்பைப் பற்றி எல்லோரையும் கேட்டிருக்கிறார், என்னை மட்டும் கேட்கவில்லை. இனிமேல் முதலில் என்னைக் கேட்கட்டும்."